ஒரே தட்டில் இரண்டு புட்டிகள்

சிங்கப்பூரில் எந்தப் பள்ளிக்கோ பலதுறை மருந்தகத்துக்கோ சமூக மன்றத்துக்கோ போனாலும், துப்புரவுப் பொருள்கள் வைக்கும் ஒரு சிறு அறை இருக்கும். வாளி, துடைப்பம், கையுறை, அலமாரித் தட்டில் வரிசையாகப் புட்டிகள். அவற்றில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கவே கூடாத இரண்டு உண்டு: பிளீச், கழிவறைக் கறை நீக்கும் அமிலம்.

செறிவான பிளீச்சிலும் அந்த அமிலப் புட்டியிலும் ஒரே படத்தைப் பார்க்கலாம். சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரம். அதற்குள் ஒரு கையின் மேலும் உலோகத்தின் மேலும் சொட்டும் திரவம். அரிக்கும் பொருள் என்று அர்த்தம். ஐக்கிய நாட்டு நிறுவனம் வகுத்த ஒன்பது அபாயச் சின்னங்களில் இது ஒன்று. சிங்கப்பூரும் இதையே பின்பற்றுகிறது. எழுத்தறியாதவருக்கும் புரியும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்று காரம், மற்றது அமிலம் என்பதை அந்தப் படம் சொல்வதில்லை. படம் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஓரினம் என்று எண்ணிச் சேர்த்து வைத்துவிடுகிறோம்.

பிளீச் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் ஆபத்து விளங்கிவிடும். காஸ்டிக் சோடா என்ற காரத்தின் கரைசலில் குளோரின் வாயுவைச் செலுத்துகிறார்கள். பிளீச்சில் வேலை செய்யும் பொருளான சோடியம் ஹைப்போகுளோரைட்டும் சாதாரண உப்பும் உண்டாகின்றன. கரைசல் காரமாக இருக்கும்வரை குளோரின் அதற்குள் அடங்கிக் கிடக்கும். அமிலம் பட்டதும் வினை வந்த வழியே திரும்புகிறது. அடங்கியிருந்த குளோரின் மீண்டும் வாயுவாகக் கிளம்புகிறது. சூடு காட்ட வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டியதும் இல்லை. வினிகர் போன்ற மென்மையான அமிலமும் இதைச் செய்யும் என்பதைப் பலர் அறியார்.

குளோரின் காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமானது. அதனால் தாழ்வான இடத்தில் தேங்குகிறது. குனிந்து கழிவறைத் தொட்டியைத் தேய்ப்பவரின் முகமும் அங்கேதான் இருக்கிறது. கண், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் ஈரத்தில் கரைந்து, அங்கேயே அமிலமாகிப் புண்ணாக்குகிறது. இருமல் அடங்கிவிட்டதே என்று வேலைக்குத் திரும்பக் கூடாது. நிறைய சுவாசித்தவருக்கு நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.

எந்தப் பொருள் எதனோடு சேரக் கூடாது என்ற விவரம் ஒவ்வோர் இரசாயனத்துக்கும் உரிய பாதுகாப்புத் தரவுத்தாளில் இருக்கிறது. அதில் 16 பகுதிகள். பத்தாவது பகுதியைத்தான் தேட வேண்டும். அலுவலகக் கோப்பில் ஆங்கிலத்தில் உறங்கும் அந்தத் தாள், இரவுப் பணியில் இருக்கும் அக்காவுக்கு எப்படி உதவும்? பத்தாவது பகுதியின் சாரத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கதவில் ஒட்டுவது மேலாளரின் கடமை என்றே கருதுகிறேன். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2011 செப்டம்பரில் எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. தொழிற்சாலைக்கு மட்டும் உரியது என்று இனிப் பள்ளியோ அலுவலகமோ ஒதுங்க முடியாது.

பிளீச்சைக் காலித் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கம் என்னை மிகவும் கலங்க வைக்கிறது. திரவம் இடம் மாறுகிறது. எச்சரிக்கை பழைய புட்டியிலேயே நின்றுவிடுகிறது. வேறு புட்டிக்கு மாற்றத்தான் வேண்டுமென்றால், பெயரும் சின்னமும் உடனே அதில் ஏற வேண்டும். அமிலத்துக்குத் தனி அலமாரித் தட்டு, புட்டிக்கு அடியில் தனித் தட்டம், தனி வாளி.

மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் கலவையைக் கொட்டவோ கழுவவோ நிற்காதீர்கள். அருகில் இருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு திறந்த வெளிக்கு வந்து 995 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள்.