கபச் சுரப்பி அல்ல, மூளையடிச் சுரப்பி

லண்டனில் இருக்கும் சித்தி மகள் போன மாதம் அழைத்தாள். அவள் வளர்க்கும் பூனைக்குச் சர்க்கரை நோய். இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போயும் அடங்கவில்லை. சர்க்கரை வந்த பூனை இளைக்கும். இதுவோ எடை கூடி, முகம் அகன்று, பாதம் பெருத்து, குறட்டை விட ஆரம்பித்திருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த சித்திக்காக மருத்துவக் குறிப்பை யாரோ தமிழில் பெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘பிட்யூட்டரி டியூமர்’ என்றிருந்தது அதில் ‘கபச் சுரப்பிப் புற்றுநோய்’ ஆகியிருந்தது. “சளிதானே, அதுக்கு எதுக்குடி ஆபரேஷன்?” என்று கேட்டாராம் சித்தி.

அவர் மேல் பிழையில்லை. அந்தச் சொல்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில் இருக்கும் ஒரு சிறு சுரப்பி.

லத்தீனில் ‘பிட்டுயீட்டா’ என்றால் சளி. மூளையின் சளி இந்தச் சுரப்பி வழியாக மூக்குக்கும் அண்ணத்துக்கும் வடிகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் நம்பினார். 1543-இல் உடற்கூறு அறிஞர் வெசாலியசும் அதையே எழுதினார். 17-ஆம் நூற்றாண்டில் ஷ்னைடர், ரிச்சர்ட் லோயர் என்ற மருத்துவர்கள் அப்படி ஒரு வழியே கிடையாது என்று காட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் பிட்யூட்டரி என்று நின்றுவிட்டது.

‘கபச் சுரப்பி’ மூலத்துக்கு உண்மையான பெயர்ப்பு என்பார்கள். எதற்கு உண்மை? கைவிடப்பட்ட ஒரு தவறுக்கு. ஆங்கிலம் பேசுகிறவர் காதில் பிட்யூட்டரி என்றால் சளி ஞாபகம் வருவதில்லை. அந்தப் பொருள் அங்கே செத்துப்போனது. நம்மிடம் கபம் உயிரோடு இருக்கிறது. வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்க்கும் ஊர் இது. கபம் என்றதும் நெஞ்சைத் தடவிக்கொள்கிறோம். தூய தமிழ் என்ற வாதமும் நிற்காது. கபம் வடசொல், சித்த நூல்களில் அதற்கு ஐயம் என்று பெயர். ‘தலைமைச் சுரப்பி’ என்று ஒரு சொல்லும் உலவுகிறது. இந்தச் சுரப்பிக்கே ஆணையிடுவது மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி. அப்புறம் எங்கே தலைமை?

இதே உறுப்புக்கு ‘ஹைப்போபைசிஸ்’ என்று கிரேக்கப் பெயரும் உண்டு. அடியில் வளர்ந்தது என்று பொருள். நம் ‘மூளையடிச் சுரப்பி’ அதற்கு நேர். புதுச்சொல்லும் அல்ல, அகராதியில் சும்மா கிடக்கிறது. அதை எடுக்காமல் பிட்யூட்டரி என்றே எழுதினாலும் எனக்குச் சம்மதம். கபம் மட்டும் வேண்டாம்.

புற்றுநோய் என்றது அதைவிடக் கொடுமை. டியூமர் என்றால் கட்டி. பூனைக்கு இங்கே வருவது பெரும்பாலும் அடினோமா, அதாவது பரவாத சுரப்பிக் கட்டி. அது வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து இன்சுலினை வேலை செய்ய விடாது. அபூர்வ நோயும் அல்ல: பிரிட்டனில் 1,221 சர்க்கரைப் பூனைகளைச் சோதித்து 2015-இல் வெளியான ஆய்வில், நான்கில் ஒன்றுக்கு, வளர்ச்சி ஹார்மோன் கூடினால் ரத்தத்தில் கூடும் ஐ.ஜி.எப்-1 என்ற பொருளின் அளவு இந்தக் கட்டியைச் சந்தேகிக்கும் அளவுக்கு உயர்ந்திருந்தது. அந்த ரத்தப் பரிசோதனைக்குப் பின் ஸ்கேனில் கட்டியைப் பார்த்து உறுதி செய்கிறார்கள். கதிர்வீச்சு கொடுக்கலாம், வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் பாசிரியோடைடு ஊசி போடலாம், சுரப்பியையே எடுத்துவிடலாம். எடுத்தால் ஸ்டீராய்டும் தைராக்சினும் ஆயுளுக்கும் வேண்டும். சிறுநீர் கட்டுக்குள் இருக்க டெஸ்மோபிரசின் என்ற சொட்டு மருந்தைக் கண்ணில் விடுவார்கள். ஆனால் பல பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போகிறது. இப்படி ஒரு வழி இருக்கும்போது புற்றுநோய் என்று எழுதினால் வளர்ப்பவர் மனம் விட்டுவிடுவார். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லைப் போட்டுவிட்டு நகர்வதை நிறுத்த வேண்டும்.

சித்தி மகளுக்கு அறுவையை இப்படித்தான் விளக்கினேன்: பூனையின் வாயைத் திறந்து, மெல்லண்ணத்தைக் கீறி, மேலே இருக்கும் எலும்பைத் துளைத்து, மூளையின் அடிக்குப் போகிறார்கள். கேலன் சளி வடிவதாகச் சொன்ன அதே பாதைதான். அங்கே ஓட்டை இல்லை, எலும்பு இருக்கிறது. அதனால்தான் துளைக்க வேண்டியிருக்கிறது. அவள் சித்தியிடம் “மூளைக்கு அடியில ஒரு கட்டிம்மா” என்று சொன்னாள். சித்திக்கு உடனே புரிந்துவிட்டது.