நான்கு வைடால் ரிப்போர்ட்

போன மாதம் ஏற்காட்டிலிருந்து ஒருவரை ஆம்புலன்ஸில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு வந்தார்கள். காபித் தோட்டத்தில் வேலை, முப்பதைத் தாண்டிய வயது (ஆள் யாரென்று தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் இரத்தத்தில் ஆக்சிஜன் 82 சதவீதம்தான் காட்டுகிறது. பேர் என்ன என்று கேட்டால்கூட ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. கூட வந்த மனைவியின் கையில் ஒரு துணிக்கடைப் பை, அதற்குள் மூன்று வாரத்தில் எடுத்த நான்கு வைடால் ரிப்போர்ட் (டைபாய்டுக்கு எடுக்கும் இரத்த டெஸ்ட்). இந்த மாதிரிப் பையைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போச்சு, அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்கு இருந்தது டைபாய்டு இல்லை. பெரியவர்களுக்கு வரும் ஸ்டில்ஸ் நோய். குழந்தைகளிடம் இதை ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் 1897-இல் விவரித்தார், பெரியவர்களுக்கும் வரும் என்று 14 பேரை வைத்து எரிக் பைவாட்டர்ஸ் எழுதியது 1971-இல். லட்சத்தில் ஒருவருக்கு வருவதே அபூர்வம். கிருமி எதுவும் இல்லாமலே உடம்பின் எதிர்ப்பு சக்தி தானாகக் கொதித்துப் பொங்குகிறது. தினமும் 102, 103 என்று காய்ச்சல், பெரும்பாலும் சாயங்காலத்தில். தொண்டை வலி, மூட்டு வலி, காய்ச்சல் ஏறும்போது மட்டும் உடம்பில் லேசான சிவப்புத் தடிப்பு. காய்ச்சல் இறங்கினால் தடிப்பும் மறைந்துவிடும். நம்முடைய மாநிறத்தில் அது கண்ணுக்குச் சரியாகத் தெரிவதும் இல்லை. காலை பத்து மணி ஓபியில் பார்க்கிற டாக்டருக்கு எதுவும் பிடிபடாமல் போவது இதனால்தான்.

அந்தப் பையில் இன்னொன்றும் இருந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அந்த அம்மா காய்ச்சலை எழுதி வைத்திருந்தார். காலை 98. சாயங்காலம் ஆறு மணி 103. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே, பதினேழு தாள். "காலையில நல்லாத்தான் இருக்காருங்க சார், தோட்டத்துக்குக்கூடப் போயிட்டு வந்தாரு" என்றார். நோய் என்னவென்பது அந்தத் தாள்களிலேயே பாதி இருந்தது. அவற்றை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை, எல்லாரும் வைடாலைத்தான் பார்த்தார்கள்.

இந்த வைடாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது 1896-இல் வந்த டெஸ்ட். டைபாய்டு கிருமி இரத்தத்தில் இருக்கிறதா என்று இது பார்ப்பதே இல்லை. அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்பொருள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. நம் ஊர்த் தண்ணீரில் வளர்ந்தவர்கள் பலருக்கு அது எப்போதோ வந்துபோன தொற்றின் மிச்சமாக இருக்கும், தடுப்பூசி போட்டவர்களுக்கும் இருக்கும், வேறு காய்ச்சல்களிலும் ஏறும். ஒரே ஒரு தடவை எடுத்து 1:80, 1:160 என்று வந்தால் அதை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்ட முடியாது. வாராவாரம் எடுத்து "பாயிண்ட் குறைஞ்சிருக்கு, நோய் குறையுது" என்று சந்தோஷப்படுவதிலும் அர்த்தம் இல்லை. டைபாய்டை உறுதி செய்ய பிளட் கல்ச்சர் (இரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) வேண்டும், அதையும் ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். சரியான மருந்து போய்ச் சேர்ந்தால் டைபாய்டு காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இறங்கும். மூன்று சுற்று ஆன்டிபயாடிக் போட்டும் அதே 103 அடிக்கிறது என்றால் நான்காவது சுற்றுக்குப் போகாதீர்கள், நோயே வேறாக இருக்கலாம் என்று யோசியுங்கள். இதை என் சக டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவருடைய வெள்ளையணு முதலில் 22,000 இருந்து, பிறகு 3,000-க்கு வந்திருந்தது. உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ஈஎஸ்ஆர் என்ற இரத்த அளவும் இறங்கியிருந்தது. வீட்டில் எல்லாரும் குணமாகிறது என்று நம்பியிருக்கிறார்கள். காய்ச்சல் எரியும்போது ஈஎஸ்ஆர் சரிந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் எதிர்ப்பணுக்கள் சொந்த இரத்த அணுக்களையே விழுங்க ஆரம்பித்துவிட்டன என்பதற்கு அது ஓர் அடையாளம். இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெரிட்டின் 14,000-க்கு மேல். (இரும்புச்சத்து கூடிவிட்டது என்று கீரையை நிறுத்த வேண்டாம், இந்த நோயில் ஃபெரிட்டின் ஏறுவதற்கும் கீரைக்கும் சம்பந்தம் இல்லை.) எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாக நிரம்பியிருந்தன. அன்று ராத்திரியே வெண்டிலேட்டர்.

மலையிலிருந்து வருகிறவர் என்பதால் முதலில் ஸ்க்ரப் டைபஸ் (பூச்சிக் கடியால் வரும் ஒரு தொற்றுக் காய்ச்சல்) பயம். அக்குள், தொடை இடுக்கு எல்லாம் பூச்சி கடித்த கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடினோம், அதற்கான மருந்து டாக்ஸிசைக்ளினை உடனே ஆரம்பித்தோம். கல்ச்சர், டிபி, எலும்பு மஜ்ஜை எல்லாம் பார்த்துத் தொற்றும் இரத்தப் புற்றும் இல்லை என்று தெளிந்த பிறகுதான் அதிக டோஸ் ஸ்டீராய்டு. ஒன்பது நாள் கழித்துக் குழாயை எடுத்தோம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டினால் காலை, மாலை இரண்டு வேளையும் அளந்து எழுதுங்கள், எழுதியதை டாக்டர் முன்னால் வையுங்கள், கேட்கவில்லை என்றாலும் வையுங்கள். தடிப்பு தெரிந்தால் அந்த நேரத்திலேயே போனில் படம் எடுங்கள். மெடிக்கலில் போய் "காய்ச்சலுக்கு ஒரு ஊசி" என்று கேட்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாள் காய்ச்சல் அடங்கும், நோய் உள்ளேயே இருக்கும், எங்களுக்கும் அடையாளம் குழம்பிப்போகும். காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் மலைக்குளிர், சளி, உயரம் என்று காரணம் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர், அந்த உயரத்துக்கு நல்ல உடம்புக்காரருக்கு 82 வராது. 108-ஐக் கூப்பிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு கெஞ்சல். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். முகம் உப்பும், பசி எடுக்கும், சர்க்கரை ஏறலாம், எல்லாம் உண்மைதான், அதைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பப் பொங்கலாம், பல வாரம் சாப்பிட்டவருக்கு இரத்த அழுத்தமே விழுந்துவிடலாம்.

போன வாரம் அவர் பஸ்ஸில் வந்து இறங்கி, தானே நடந்து ஓபிக்கு வந்தார். அந்த அம்மா இந்தத் தடவையும் காலண்டர் தாள்களைக் கொண்டுவந்திருந்தார். சாயங்காலம் ஆறு மணி, 98. மாத்திரையை எப்போது விடலாம் என்று கேட்டார். இந்த மாதம் கொஞ்சம் குறைத்து எழுதிக் கொடுத்தேன், மிச்சத்தை அடுத்த தாள்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.