கெயின் என்றால் ஆதாயமா?

"ஆதாயத்தைக் குறைத்து, தொகுதியை உயர்த்துங்கள்." கட்சிக்காரருக்கு யாரோ சொன்ன யோசனை இல்லை இது. கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பற்றிய ஒரு காணொளியின் அடியில் ஓடிய தமிழ் வரி. கெயினைக் குறை, வால்யூமை ஏற்று என்பதுதான் இப்படி ஆகிவிட்டது. தொகுதியை இயந்திர மொழிபெயர்ப்பின் தலையில் கட்டிவிடலாம். ஆதாயத்தை அப்படி விட முடியவில்லை. மனிதர்கள் உட்கார்ந்து எழுதும் கட்டுரைகளிலும் அதே சொல் வந்துகொண்டிருக்கிறது.

கெயின் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் ஜெர்மானிய வேருக்கு இரை தேடுவது, வேட்டையாடுவது என்று பொருள். தேடிக் கிடைத்தது பிறகு லாபமாயிற்று. மின்னணுவியலில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை: உள்ளே போன சிக்னல் வெளியே வரும்போது எத்தனை மடங்காகிறது என்ற விகிதம்.

ஆதாயம் இடிப்பது இங்கேதான். போட்ட முதல் போகக் கையில் நிற்பது ஆதாயம்; அது கழித்தல் கணக்கு. கெயின் பெருக்கல் கணக்கு. மின்னழுத்தம் 10 மடங்கானால் கெயினை அளக்கும் அலகில் அது 20 டெசிபல், 100 மடங்கானால் 40. அப்புறம், ஆதாயம் கூடக்கூட நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். எந்தக் கடைக்காரர் ஆதாயம் போதும் என்பார்? கிட்டாரில் கெயினை அளவுக்கு மேல் ஏற்றினால் மீட்டலின் முனை மழுங்கும், உஸ்ஸென்ற இரைச்சல் ஏறும், பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் கார்டு கூழாகிவிடும்.

இதைவிட மோசம், கெயினையும் "ஒலியளவு" என்று எழுதுவது. அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் 1950கள் ஆம்புகளில் பொதுவாக மாஸ்டர் வால்யூம், அதாவது மொத்தச் சத்தத்துக்கென்று தனிக் குமிழ், கிடையாது. வால்யூமை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் சத்தம் அவ்வளவாகக் கூடாது. அலையின் தலை வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். அந்தக் கரகரப்பு வேண்டுமென்றால் ஊரையே எழுப்ப வேண்டும். லண்டனில் ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடையைச் சேர்ந்தவர்கள் ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்பின் சுற்றைப் பார்த்து ஜேடிஎம்45 என்ற ஆம்பைச் செய்தபோது முதல் வால்வை (சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் குழாயை) மாற்றினார்கள். பாஸ்மேனில் இருந்த 12ஏஒய்7 வால்வின் பெருக்குதிறன் 44 அளவில். மார்ஷலில் வந்த ஈசிசி83-க்கு 100. கரகரப்பு சீக்கிரமே வர இதுவும் ஒரு காரணம். 1975-இல் மார்ஷலின் 2203 என்ற ஆம்ப் வால்யூமுக்கே இரண்டு குமிழோடு வந்தது. முன் கட்டத்தை (முன்பெருக்கியை) எவ்வளவு முடுக்குவது என்பதற்கு ஒன்று, மொத்தச் சத்தத்துக்கு ஒன்று. முதலாவதை 8-லும் மாஸ்டரை 2-லும் வைத்தால் கதவைச் சாத்திக்கொண்டு உறுமலாம். மாற்றி வைத்தால் டோன் சுத்தமாக இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இரண்டையும் ஒலியளவு என்று எழுதினால் படிப்பவர் எதைத் திருகுவார்?

தனித்தமிழ் அன்பர்கள் "ஈட்டம்" என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் ஈட்டுவது பொருளை. "ஈட்டம் இவறி இசைவேண்டா ஆடவர்" என்கிறது குறள், பொருள் சேர்ப்பதையே விரும்பி இசையை வேண்டாதவர்களை. அங்கே இசை என்றால் புகழ் என்று தெரியும். இருந்தாலும் கிட்டார்காரனுக்கு அந்த வரி கொஞ்சம் உறைக்கிறது.

எனக்குப் "பெருக்கம்" போதும். ஆம்ப்ளிஃபயர் பள்ளிப் புத்தகத்திலேயே பெருக்கி; பெருக்கி செய்வது பெருக்கம். வாய்ப்பாட்டில் படித்த பெருக்கலும் அதற்குள்ளேயே இருக்கிறது. வீடு பெருக்குவது நினைவுக்கு வருகிறது என்றார் ஒரு நண்பர். வரட்டுமே. ஆம்பின் குமிழைச் சொல்லும்போது மட்டும் "முன்பெருக்கம்" என்று எழுதுவேன். 2203-இன் முகப்பிலும் கெயின் என்ற சொல் இல்லை. முன்பெருக்கியின் வால்யூம் என்றுதான் இருந்தது.

ஒரு தடவையாவது அந்தக் குமிழைத் திருகிப் பார்த்தவர் ஆதாயம் என்று எழுத மாட்டார். அகராதியில் முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களால் வருகிற வினை இது. அதே காணொளியில் ஒலியின் உயர் பகுதியைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு குமிழ்களில் ட்ரெபிள் "மும்மடங்கு", பிரசன்ஸ் "இருப்பு". ஆதாயம், இருப்பு, மும்மடங்கு என்று மளிகைக்கடைக் கணக்கு நோட்டு மாதிரி இருந்தது. ட்ரெபிளுக்கு உச்ச ஒலி என்று சொல்லிக்கொள்ளலாம். பிரசன்ஸுக்கு இன்னும் ஒன்றும் சிக்கவில்லை, பிரசன்ஸ் என்றே எழுதுகிறேன்.