கடைய விக்கும்போது பேர் எங்க போகுதுன்னு பாருங்க

டிரேட்மார்க் வேலை பாக்குறதால, கடைய விக்கிறவங்க அக்ரிமென்ட் கொண்டு வந்து காட்டுனா நான் முதல்ல தேடுறது பேர் யாருக்குப் போகுதுங்கிற வரியத்தான். இடம், ஸ்டாக், அட்வான்ஸுக்கெல்லாம் பக்கம் பக்கமா எழுதியிருப்பாங்க, பேருக்கு மட்டும் "குட்வில் (கடை சம்பாதிச்ச நல்ல பேர்), டிரேட்மார்க் உட்பட"ன்னு ஒரே வரி.

அந்த ஒரு வரி என்னெல்லாம் பண்ணும்னு அமெரிக்காவுல பாத்தாச்சு. அங்க ஊருக்கு ஊர் சொந்தமா டிபார்ட்மென்ட் ஸ்டோர் இருந்துச்சு, பிட்ஸ்பர்க்ல காஃப்மேன்ஸ், ஹூஸ்டன்ல ஃபோலீஸ், சிகாகோவுல மார்ஷல் ஃபீல்ட்ஸ். இந்த ஃபீல்ட்ஸ் கதைதான் எனக்கு ரொம்ப வலிக்கும். 1982ல ஒரு சிகரெட் கம்பெனி வாங்குச்சு, 1990ல மினியாபொலிஸ்காரங்க டேட்டன் ஹட்சன் வாங்குனாங்க, 2001ல அவங்க தங்களோட டேட்டன்ஸ், ஹட்சன்ஸ் கடைங்களுக்கே ஃபீல்ட்ஸ்னு பேர மாத்திட்டாங்க, அதாவது மினியாபொலிஸும் டெட்ராய்ட்டும் தங்களோட கடைப் பேர இழந்ததே சிகாகோ பேருக்காகத்தான். அப்புறம் 2004ல மே கம்பெனி ஃபீல்ட்ஸ வாங்குச்சு, 2005ல மேசிஸ் கடைங்களோட சொந்தக்காரங்களான ஃபெடரேட்டட் அந்த மே கம்பெனியையே வாங்குச்சு, 2006 செப்டம்பர் 9ல ஃபீல்ட்ஸ் போர்டும் இறங்கி மேசிஸ் ஆயிடுச்சு. நாடு பூரா ஒரே பேர்னா ஒரே டிவி விளம்பரம் போதும்ல, அதான் கணக்கு. சிகாகோ ஸ்டேட் ஸ்ட்ரீட்ல ஃபீல்ட்ஸ் கடை கடிகாரத்துக்குக் கீழ ஜனங்க அட்டை பிடிச்சு நின்னாங்க, ஆனா அவங்க பக்கம் சட்டத்துல ஒண்ணுமே இல்ல, பேர் எப்பவோ கைமாறிப் போச்சு.

இன்னொண்ணு, வாங்குனவங்க பேர பயன்படுத்தலைன்னாலும் லேசுல விட மாட்டாங்க. அந்தப் பழைய பேருங்கள மறுபடி கொண்டுவரப் பாத்த ஒரு கம்பெனி மேல 2011ல மேசிஸ் கேஸ் போட்டுச்சு, அந்தப் பேருங்கள போட்டு டி-ஷர்ட் விக்கிறோமேன்னு சொல்லி.

நம்ம சட்டத்துலயும், 1999 டிரேட்மார்க் சட்டம் 47வது பிரிவுல, பதிவான பேர் 5 வருஷம் 3 மாசம் புழக்கத்துல இல்லைன்னா, பாதிக்கப்பட்டவங்க மனு போட்டு நீக்கச் சொல்லலாம். ஆனா நீக்கிட்டா உடனே கடைய வித்த குடும்பத்துக்குத் திரும்ப வந்துடாது, புதுசா விண்ணப்பிக்கணும், அதுக்குள்ள வேற யாராவது முந்திக்கலாம்.

அதனால விக்கும்போதே எழுதிருங்க. பேர வித்தே ஆகணுமா, லைசென்ஸா, அதாவது பயன்படுத்திக்கிற அனுமதிய மட்டும் குடுத்தா போதுமான்னு முதல்ல யோசிங்க. வித்துதான் ஆகணும்னா, இத்தன வருஷம் போர்டுல இல்லைன்னா எங்களுக்கே திருப்பி எழுதிக் குடுக்கணும்னு அக்ரிமென்ட்ல ஒரு நிபந்தனை போடுங்க. வாங்குறவங்க கொஞ்சம் முறுக்குவாங்க, பரவால்ல, கேளுங்க, பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே கேளுங்க.