கைனகோமாஸ்டியா: ஆண் மார்பகப் பெருக்கம்

எட்டாம் வகுப்புப் பையன் திடீரென்று சட்டைக்குள் இரண்டு பனியன் போட ஆரம்பித்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். காம்புக்கு அடியில் நாணயம் அளவுக்கு ஒரு வட்டு, ரப்பர் மாதிரி, தொட்டால் வலிக்கும்.

கிரேக்கத்தில் ‘கைனே’ என்றால் பெண், ‘மாஸ்டோஸ்’ என்றால் முலை. முதலாவது கைனகாலஜியில் இருக்கிறது. இரண்டாவது, யானைக்கு உறவான மாஸ்டோடான் என்ற அழிந்துபோன விலங்கின் பெயரில் இருக்கிறது. அதன் கடைவாய்ப் பற்களின் முகடுகள் முலைக்காம்பு போலத் தெரிந்ததால் வந்த பெயர். 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் காலென் கைனகோமாஸ்டியாவைக் கொழுப்பு என்றே நினைத்தார். உண்மையில் பெருப்பது சுரப்பித் திசு.

பருவம் எட்டும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கு ஈடாக டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறாத சில மாதங்களில் இது வரும். பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருகிறது. பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் தானாக வடிந்துவிடும். பிறந்த குழந்தைக்கும் தாயின் ஹார்மோனால் மார்பு வீங்கும். ‘பால் கட்டியிருக்கு’ என்று பாட்டி பிதுக்கிவிடுவாரே, அதேதான். பிதுக்கக் கூடாது, சீழ் பிடிக்கும்.

‘கட்டி’ என்றதும் வீட்டில் புற்றுநோய் பயம் வந்துவிடும். மார்பகப் புற்றுநோயாளிகளில் ஆண்கள் சுமார் 1 சதவீதம்தான். அவர்களிலும் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். விடலைப் பையனுக்கு வருவது மிக மிக அரிது. ஆனாலும் ஒரே பக்கத்தில், காம்பை விட்டு விலகி, வலியில்லாமல் கல் போல இருந்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, தோல் உள்ளிழுத்தாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக உள்ள கிளைன்ஃபெல்டர் நிலையில் பிற்காலத்தில் இந்த ஆபத்து கூடும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கிரேக்கச் சொல்லை அப்படியே பெயர்த்தால் ‘பெண்முலைமை’. வகுப்பில் பையனைக் கேலி செய்யும் சொல்லையே நோய்க்குப் பெயராக வைப்பதுபோல் ஆகிவிடும். ‘வீக்கம்’ என்றால் அடிபட்டதோ சீழ் பிடித்ததோ என்று தோன்றும். திசு கூடுவதைச் சொல்லப் ‘பெருக்கம்’தான் பொருத்தம்: ஆண் மார்பகப் பெருக்கம். உடல் பருத்து வெறும் கொழுப்பால் மார்பு தொங்குவது வேறு. அதற்குப் போலிப் பெருக்கம் என்று தனிப்பெயர் வைத்துக்கொள்ளலாம்.