கேன்டீன் கார்டு வேறு, இசிஹெச்எஸ் கார்டு வேறு: முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்

படையில் இருந்து ஓய்வு பெற்றவர் வீட்டில், ராணுவக் கேன்டீனில் பொருள் வாங்குவதற்கான கேன்டீன் கார்டு பத்திரமாக இருக்கும். அதைக் காட்டினால் ஆஸ்பத்திரியிலும் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பார்க்க மாட்டார்கள். மருத்துவத்துக்கு இசிஹெச்எஸ் கார்டு தனியாக வாங்க வேண்டும்.

இசிஹெச்எஸ் என்பது முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம். 2003 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முப்படையிலும் பணியாற்றி ஓய்வூதியமோ ஊன ஓய்வூதியமோ வாங்குபவர்கள் சேரலாம். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவியும் சேரலாம். வயது வரம்பு இல்லை. ஏற்கெனவே சர்க்கரையோ இதய நோயோ இருந்தாலும் தடையில்லை. சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பும் கிடையாது. தனியார் காப்பீட்டில் இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

கட்டணம் வாழ்நாளுக்கு ஒரே ஒரு முறை. ஹவில்தார் வரை 30,000 ரூபாய், ஹவில்தாருக்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட நிலையில் உள்ள ஜேசிஓக்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. பொது வார்டா, தனி அறையா என்பதும் இந்தப் பதவி நிலையை ஒட்டியே அமையும். ஆனால் 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்கள் ஒரு பைசாவும் கட்ட வேண்டாம். போர் விதவைகளுக்கும் போரில் ஊனமுற்றவர்களுக்கும் அப்படியே. ‘இந்த வயசில் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது’ என்று ஒதுங்கி நிற்கும் பெரியவர் இருந்தால், அவர் எந்த ஆண்டு ஓய்வு பெற்றார் என்று முதலில் கேளுங்கள்.

மனைவி அல்லது கணவர், 25 வயதுக்குட்பட்ட திருமணமாகாத மகன், திருமணமாகாத அல்லது கணவரை இழந்த மகள், பெற்றோர் ஆகியோரையும் சேர்க்கலாம். பிள்ளைகளும் பெற்றோரும் உண்மையிலேயே இவரை நம்பி இருப்பவர்களாக இருக்க வேண்டும். அவர்களின் மாத வருமானம் அகவிலைப்படி நீங்கலாக 9,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

சரி, எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்? பெயரில்தான். படையில் இருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் ‘லட்சுமி’ என்று இருக்கும், ஆதாரில் ‘மகாலட்சுமி’ என்று இருக்கும், ஓய்வூதிய ஆணையான பிபிஓவில் பெயரே ஏறியிருக்காது. பிறந்த தேதியும் ஒவ்வொன்றில் ஒவ்வொரு மாதிரி. இப்படி இருந்தால் கார்டு விண்ணப்பம் திரும்பி வரும். பிற்பாடு குடும்ப ஓய்வூதியமும் இழுத்தடிக்கும். திருத்தத்தை, படைவீரரின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அவரவர் ரெக்கார்ட் ஆபீஸ்தான் செய்ய வேண்டும். அதற்கான மனு எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள். படைவீரர் உயிரோடு இருக்கும்போது அவர் கையெழுத்தில் சுலபமாக நடக்கிற வேலை இது. அவர் போன பிறகு, அந்தம்மா தனியாக ஒவ்வொரு காகிதமாகத் தேடி அலைய வேண்டும். தள்ளிப் போடாதீர்கள்.

கார்டு வந்த பிறகு நடைமுறை எளிது. முதலில் இசிஹெச்எஸ்ஸின் சொந்த மருத்துவ மையமான பாலிகிளினிக், பெரிய சிகிச்சை என்றால் அங்கே ரெஃபரல் என்ற பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு, திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். பணம் கட்ட வேண்டியதில்லை. முன்பணம் கேட்பது விதிமீறல். கேட்டால் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உள்ள இசிஹெச்எஸ் மண்டல மையத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

நெஞ்சுவலி, விபத்து மாதிரி அவசரத்தில் ரெஃபரலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இணைந்த மருத்துவமனை என்றால், சேர்த்த விவரத்தை அவர்களே 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிப்பார்கள். இணையாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அந்த வேலை வீட்டாருடையது, அதுவும் அதே 48 மணி நேரத்துக்குள். அங்கே செலவை முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். திரும்பக் கிடைப்பது அரசு நிர்ணயித்த கட்டண அளவுக்குத்தான், முழு பில்லுக்கு அல்ல.

அப்புறம், ஓய்வூதியம் இல்லாமல் சில ஆண்டுகளிலேயே வெளியே வந்தவர்கள். குறுகியகாலப் பணி அதிகாரிகள் போன்ற சில பிரிவினர் தவிர மற்றவர்களுக்கு இசிஹெச்எஸ் கிடையாது. ஆனாலும் அவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஹவில்தார் நிலை வரை இருந்து, 65 வயது தாண்டி, வருமானமில்லாமல் இருப்பவருக்கும், அப்படிப்பட்டவரின் விதவைக்கும் பாதுகாப்பு அமைச்சரின் நல நிதியில் இருந்து மாத உதவித்தொகை உண்டு. 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆகியிருக்கிறது. இதற்கும் போக வேண்டியது அதே மாவட்ட நல அலுவலகம்தான். டிஸ்சார்ஜ் புக்கை மறக்காமல் எடுத்துப் போங்கள்.