டீசல் குழாயில் புகுந்த காற்று டிராக்டரை நிறுத்துவது எப்படி?

சேற்றுழவின் நடுவே டிராக்டர் இழுவை குறைந்து, இரண்டு முறை திணறி, நின்றுவிடுகிறது. டாங்கின் அடியில் டீசல் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது, செல்ஃப் மோட்டாரும் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிப்பதில்லை. ‘ஏர் எடுத்துவிட்டது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் 16 முதல் 18 மடங்கு வரை நெருக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் தானே பற்றிக்கொள்ள வேண்டுமானால், டீசல் மிக நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சப்பட வேண்டும். அதற்காகவே, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலின் ஊசியை ஒரு வலுவான ஸ்பிரிங் அழுத்தி மூடியிருக்கிறது. ஏறத்தாழ 200 பார், அதாவது கார் டயரில் உள்ளதைப் போல 100 மடங்கு அழுத்தம் வந்தால்தான் ஊசி எழும்பி வழிவிடும்.

அந்த அழுத்தத்திலும் டீசல் தன் பருமனில் 100-இல் ஒரு பங்கை மட்டுமே இழப்பதால், டீசல் பம்பின் தள்ளல் உடனே நாசிலைச் சென்றடைகிறது. காற்றோ 200-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடக்கூடியது. சுமார் 35 குதிரைத்திறன் கொண்ட மூன்று சிலிண்டர் டிராக்டரில், முழுச்சுமையிலும்கூட ஒரு தடவை பீய்ச்சப்படும் டீசல் ஏறத்தாழ 40 கன மில்லிமீட்டர்தான். ஒரு மிளகின் பருமனும் அவ்வளவே. ஆகவே மிளகளவு குமிழி ஒன்று குழாயில் நின்றால், பம்பின் தள்ளல் முழுவதும் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும், ஊசி அசையாது. செல்ஃப் அடிக்கும்போது புகைப்போக்கியில் புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டரை எட்டவில்லை என்று கொள்ளலாம். வெண்புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று பொருள், அப்போது பழுதை வேறிடத்தில் தேட வேண்டும்.

காற்றை வெளியேற்ற, முதலில் டாங்கை நிரப்பி, ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தி, நுரையின்றித் தெளிந்த டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து, டீசல் வழியும்போதே இறுக்க வேண்டும். அடுத்து டீசல் பம்பிலும் அவ்வாறே செய்ய வேண்டும். அதன் பிறகும் பிடிக்காவிட்டால், கியரை நியூட்ரலில் வைத்து, நாசில் பக்கத்துக் குழாய் நட்டுகளைத் தளர்த்தி, 10 விநாடிக்கு மிகாமல் செல்ஃப் அடிக்கலாம். அப்போது கையை அருகில் வைக்கவே கூடாது, ஏனெனில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். எல்லா நாசில்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் தேக்கிவைக்கும் காமன் ரெயில் எஞ்சின்களில் இந்தக் குழாய்களைத் தொடாமல் விடுவதே சரி.

வரப்பேறிச் சாயும்போது டீசல் ஒருபக்கம் ஒதுங்கி, டாங்கிலிருந்து டீசல் வெளியேறும் வாய் வெளிப்பட்டிருந்தால், காற்றெடுப்பது இத்துடன் தீரும். அடிக்கடி நிகழ்ந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. டாங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்புக்கு முந்தைய குழாய் உறிஞ்சும் பகுதி என்பதால், அங்கே ஓட்டை இருந்தாலும் டீசல் சொட்டாமல் காற்று மட்டும் உள்ளே போகக்கூடும். வெளிப்புறம் உலர்ந்திருப்பதைக் கண்டு பலர் ஏமாறுவது இங்கேதான். சிறிது நேரத்துக்கு ஒளி ஊடுருவும் டியூபை அங்கே மாட்டினால் குமிழிகள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். இணைப்புகளில் உள்ள செம்பு வாஷர்களையும் சந்தேகிக்க வேண்டும். இறுக்க இறுக்கச் செம்பு கடினமாகி, பதிந்து உட்காரும் தன்மையை இழக்கிறது. அதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மென்மையாகும் என்றாலும், புதிய வாஷர் போடுவதே மேல்.